தீபாவளிக்கு முன் ஒரு மொட்டை

சரண்யாதேவியின் பள்ளிக்கூட டைரியில் வகுப்பு டீச்சர் நீல மையில் மூன்று வரி எழுதியிருந்தார். பிள்ளையின் தலையில் பேன் அதிகமாக இருக்கிறது, மற்றப் பெற்றோர் குறை சொல்கிறார்கள், தலை சுத்தமான பிறகு வகுப்புக்கு அனுப்பவும். அதன் கீழே பெற்றோர் கையெழுத்துக்கென்று ஒரு கோடு. முத்துமீனா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். பிறகு கையெழுத்துப் போடாமலே டைரியை மூடி டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அவளுக்கு வேலை மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில். முதல் மாடி, காட்டன் சேலைப் பிரிவு. தீபாவளி மாதத்தில் அந்தக் கடையில் லீவு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் கடை மூடும்வரை நின்றபடியே வேலை. கணவன் தங்கப்பாண்டி விஜயவாடாவில் ஒரு முறுக்குக் கம்பெனியில் மாஸ்டர். முறுக்கு ஓடுவதும் தீபாவளிக்குத்தான் என்பதால் அவனும் பண்டிகை கழிந்துதான் ஊருக்கு வருவான். சொந்த ஊரான எழுமலையில் மழை பொய்த்த ஒரு வருஷம், இருவருமாக யோசித்து, நிலத்தை அவன் அண்ணனிடம் விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள். அவன் ஆந்திரா போனான். அவள் நாலு வயதுப் பிள்ளையோடு திருப்பரங்குன்றத்துக்கு வந்து, ஒரே வாசலுக்குள் ஐந்து வீடு இருக்கிற காம்பவுண்டில் ஓர் அறை பிடித்தாள். அதற்கப்புறம் ஐந்து வருஷம். இந்த ஐந்து வருஷத்தில் யார் வாசலிலும் போய் நின்றதில்லை என்று அவளுக்குள் ஒரு மிதப்பு உண்டு.

காலாண்டு லீவு முடிந்த வாரத்தில்தான் முதல் பேனைப் பார்த்தாள். சரண்யாவுக்கு இடுப்பைத் தொடுகிற முடி, கையில் பிடித்தால் அடங்காது. காம்பவுண்டில் எல்லோரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார்கள். பின்னல் போடும்போது காதுக்குப் பின்னால் ஒன்று ஓடியது. நசுக்கிப் போட்டுவிட்டு மறந்துபோனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகிடு எடுத்தபோது உச்சிவரை வெள்ளை வெள்ளையாக ஈர் ஒட்டியிருந்தது.

அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. வேப்பிலையை அரைத்து அப்பினாள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்த்துத் துண்டு கட்டிப் படுக்க வைத்தாள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மருந்து வாங்கிப் போட்டாள். போட்ட அன்றைக்கு வெள்ளைத் துண்டில் செத்துச் செத்து விழுந்தன. அப்பாடா என்றிருந்தது. பத்தாம் நாள் பார்த்தால் பழையபடி ஊர்ந்தன. கூட வேலை பார்க்கும் ஒருத்தி சீத்தாப்பழ விதையைப் பொடி பண்ணித் தேய்க்கச் சொன்னாள். தேய்த்து அலசும்போது தண்ணீர் வழிந்து பிள்ளையின் கண்ணுக்குள் போய்விட்டது. "அம்மா கண்ணு, அம்மா கண்ணு" என்று சரண்யா குழாயடியில் துடித்தாள். முத்துமீனா ஒரு குடம் தண்ணீரையும் கண்ணிலேயே ஊற்றினாள். இரண்டு நாள் கண் இரத்தமாகச் சிவந்து கிடந்தது. பார்வை தப்பியது நல்ல காலம் என்று டாக்டர் சொல்லி, சொட்டு மருந்து கொடுத்து, ரொம்ப நேரம் திட்டினார்.

அதற்குப் பிறகு சீப்பு ஒன்றுதான் மிச்சம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் முக்கால் மணி நேரம். பிள்ளை நெளிவாள், இவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகும். சீப்பின் முதுகால் ஒரு போடு போடுவாள். "உன் தலைக்கு மட்டும் எங்கிருந்துடி இம்புட்டு வருது? யார் கூடச் சேந்து உக்காந்த? சொல்லு." சரண்யாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததற்கும் அடி விழுந்தது.

டைரியில் டீச்சர் எழுதுவதற்கு முந்தின வாரமே வீட்டுக்கார அம்மா விஜயம் வாசலில் வந்து நின்றாள். விஜயத்தின் மகள் சுஷ்மாவும் நாலாம் வகுப்புதான். பள்ளிக்கூடம் விட்டதும் சரண்யா நேரே அவர்கள் ஹாலுக்குப் போய் சுஷ்மாவோடு வீட்டுப்பாடம் எழுதி, டிவி பார்த்து, முத்துமீனா வரும்வரை அங்கேயே இருப்பாள். இந்த ஏற்பாடு ஒன்றினால்தான் முத்துமீனா வேலைக்குப் போக முடிந்தது.

"தப்பா எடுத்துக்காத முத்துமீனா," என்றாள் விஜயம். நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பேசினாள். "சுஷ்மா தலையில நேத்து மூணு எடுத்தேன். அவங்க அப்பா சத்தம் போடுறார். கொஞ்ச நாளைக்கு சரண்யா இங்கயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்மா."

"சரியானதும் வரட்டும். நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லல."

"புரியுதும்மா," என்றாள் முத்துமீனா. விஜயம் போனதும் கதவைச் சாத்திவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் எழுந்தாள்.

ஒரு வாரமாகச் சாயங்காலம் வாசற்படியிலேயே காத்துக்கிடந்த பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடமும் இல்லை, விஜயம் வீடும் இல்லை. முதல் நாள் பிள்ளையை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். தட்டில் சோறு, செம்பில் தண்ணீர், மூலையில் ஒரு வாளி. கடையில் யாரோ ஒரு பெண்மணிக்குப் பதினாறு சேலை விரித்தாள். என்ன நிறம், என்ன கரை என்று எதுவும் மனதில் நிற்கவில்லை. தீப்பெட்டியைப் பரணில் வைத்தோமா என்ற ஒரே யோசனை. வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோது கதவு எதிலோ இடித்தது. சரண்யா கதவோடு ஒட்டி வெறும் தரையில் தூங்கிப்போயிருந்தாள். சோறு அப்படியே இருந்தது.

விஜயவாடாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் எண்ணெய்ச் சட்டி இரைகிற சத்தம்.

"இதுக்கு எதுக்குப் புள்ள அழுகுற? அழகர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டையப் போட்டு விடு. ஒரே நாள்ல சோலி முடிஞ்சிரும். முடிதான, வளந்துட்டுப் போகுது."

"பொம்பளப் பிள்ளைங்க. ஒம்பது வயசு. நெனைச்சுப் பேசுறீகளா?"

"அப்ப என்ன பண்ணப் போற, சொல்லு."

அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாளும் பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் காலை சூப்பர்வைசருக்குப் போன் செய்து வயிற்றுப்போக்கு என்று பொய் சொன்னாள். அரை நாளில் வந்து நிற்க வேண்டும் என்று அவர் சொன்னார். சரண்யாவிடம், "கிளம்பு, சாமி கும்பிட்டு வருவோம்," என்றாள். இரண்டு நாள் கழித்து வெளிக்காற்று பட்ட சந்தோஷத்தில் பிள்ளை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மலை தெரிகிறதா மலை தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். முத்துமீனா ஒவ்வொரு தடவையும் தெரியும் தெரியும் என்றாள். மகளின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

மொட்டை போடுகிற மண்டபத்தின் முன்னால் வந்து நின்றபோதுதான் சரண்யாவுக்கு விளங்கியது. அவள் கத்தவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசினாள். "அம்மா வேணாம்மா. நான் அசையாம உக்காந்திருக்கேன்மா. எம்புட்டு நேரம் சீவுனாலும் அழ மாட்டேன். வேப்பிலை போட்டாலும் கழுவ மாட்டேன்."

"சாமிக்கு வேண்டியாச்சு," என்றாள் முத்துமீனா. வேண்டவே இல்லை. "பேசாம வா."

முடி எடுப்பவர் பெயர் சோணைமுத்து. அறுபது வயதிருக்கும். பலகையைத் தட்டிப் போட்டுப் பிள்ளையை உட்கார வைத்தார். தண்ணீர் தெளித்து, முடியை இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டார். பிரிக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கும். எத்தனை ஆயிரம் தலையைப் பார்த்த கை. ஒன்றும் சொல்லாமல் கத்தியில் புது பிளேடைச் செருகினார்.

"நேத்திக்கடனா தாயி?"

"ஆமாண்ணே."

"பிள்ளையைக் கொஞ்சம் பிடிச்சுக்க. ஆட்டுனா கீறிரும்."

முத்துமீனா மகளின் எதிரில் மண்டியிட்டு இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். உச்சியிலிருந்து நெற்றியை நோக்கிக் கத்தி இறங்கியது. நரநரவென்ற அந்தச் சத்தத்தை அவள் பல்லில் உணர்ந்தாள். கறுப்பு ஒதுங்கி, அடியில் இதுவரை வெயில் பார்த்திராத வெளுத்த தோல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. சரண்யா விம்மலை அடக்க முடியாமல் குலுங்கினாள். "ஆட்டாத, ஆட்டாத கண்ணு," என்றார் அவர். முத்துமீனா அவள் தலை ஆடாமலிருக்கத் தன் நெற்றியைக் கொண்டுபோய் மகளின் மழித்த உச்சியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். தனக்கும் கண்ணீர் வந்துவிட்டதால் துடைத்துக்கொள்ளத் தலையைத் தூக்கினாள்.

மழித்த அந்த வெள்ளைப் பட்டையின் நடுவில் ஒரு பேன் நின்றது.

கொழுத்த பேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டு, பிறகு காதுப் பக்கம் நகர ஆரம்பித்தது. சோணைமுத்து கத்தியை நிறுத்தினார். கட்டைவிரல் நகத்தால் அதை எடுத்துப் பலகையில் வைத்து நசுக்கினார். அப்புறம் முத்துமீனாவின் நெற்றியோரத்தை உற்றுப் பார்த்தார்.

"இது பிள்ளை தலையில இருந்தது இல்ல தாயி," என்றார் தணிந்த குரலில். "கொஞ்சம் குனி."

அவள் குனிந்தாள். அவர் தொடவில்லை, பார்த்தார்.

"அம்புட்டும் உன்கிட்டத்தான் இருக்கு. காதுக்குப் பின்னால, கழுத்தடியில. உனக்கு அரிக்கலையா?"

அரித்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அரித்தது. வேர்வை என்று நினைத்தாள். நாள் முழுவதும் விளக்கு வெக்கையில் நிற்கிறோம், கொண்டை இறுக்கிப் போடுகிறோம், அரிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தாள். மகளின் தலையை மயிர் மயிராகப் பிரித்துப் பார்த்தவள் தன் தலையைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. கடையில் பெண்கள் உட்கார ஒரு சின்ன அறை உண்டு. அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரே சீப்பு. கவுண்டருக்கு வரும்போது தலை படிந்திருக்க வேண்டும் என்று கண்டிப்பு இருந்ததால் பதினைந்து பேரும் அதில்தான் சீவிக்கொண்டு இறங்குவார்கள். மண்டபத்தில் மண்டியிட்டபடியே அந்தச் சீப்பு அவள் கண்ணுக்குள் வந்தது.

"நிப்பாட்டிருங்கண்ணே," என்றாள்.

சோணைமுத்து பிள்ளையின் தலையைப் பார்த்தார். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு முடி போயிருந்தது. "இதுக்கு மேல எப்படித் தாயி நிப்பாட்டுறது?" என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அவள் தலையசைத்தாள். அவர் மீதியையும் எடுத்து முடித்தார். இரண்டு முடிச்சும் இரண்டு சின்ன விலங்குகள் போலத் தரையில் கிடந்தன. சந்தனத்தைக் கரைத்துப் பூசிவிட்டு, "பிள்ளைகிட்ட எதுவும் காட்டிக்காத," என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் சரண்யா துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் போகாமல், மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முத்துமீனா தோளைத் தொட்டபோது தோளைச் சுருக்கிக்கொண்டாள். அன்றைக்கு முத்துமீனா மதியத்துக்கு மேலும் கடைக்குப் போகவில்லை. போனையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றாள். மருந்து கொடுக்கிற பெண்ணுக்கு இவளைத் தெரியும்.

"இந்த மருந்த ரெண்டு தடவை போடணும்க்கா. மொதத் தடவை போட்டா பேன்தான் சாகும், ஈர் சாகாது. அது பொரிச்சு வெளிய வரும்ல, அதுக்காக ஏழாம் நாள் மறுபடி போடணும். வீட்டுல எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஒரே நாள்ல பாக்கணும். நடுவுல ரெண்டு நாளைக்கு ஒருக்கா எண்ணெய் தடவி, இந்த மாதிரி நெருக்கமான கம்பிச் சீப்பால சீவி எடுக்கணும். மூணு வாரம் விடாம."

"அன்னைக்கே இத ஏன் சொல்லல?"

அந்தப் பெண் சங்கடப்பட்டாள். "கூட்டமா இருந்துச்சுக்கா. நீங்களும் வாங்கிட்டு வேகமாப் போயிட்டீங்க."

முத்துமீனாவுக்கு அவள்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து மருந்தைப் போட்டுக் குளித்தாள். எண்ணெய் தடவிக்கொண்டு கையகலக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துச் சீவினாள். முன்பக்கம் வந்தது. பின்னந்தலையில் சீப்பு எங்கே போகிறதென்றே தெரியவில்லை. கை கடுத்தது. இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். விஜயத்திடம் கேட்க முடியாது. மற்ற வீடுகளில் யாரும் இப்போது இவள் வாசல் பக்கமே வருவதில்லை. எழுமலைக்குப் போகலாமென்றால் வேலை போய்விடும். அந்த அறைக்குள் இருந்த இன்னொரு ஆள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"சரண்யா," என்றாள். "எந்திரிச்சு வந்து என் தலையக் கொஞ்சம் பாரு."

அசைவில்லை.

"என் தலையிலயும் இருக்கு."

மெதுவாகத் தலை திரும்பியது. சந்தனம் காய்ந்து பொருக்காகியிருந்தது. அழுது வீங்கிய கண்ணில் முதலில் நம்பிக்கையில்லாமை தெரிந்தது, பிறகு வேறொன்று. எழுந்து வந்து பின்னால் நின்று முடியை விலக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு வந்தது உன்கிட்ட இருந்துதானா?"

சோணைமுத்து சொன்னது ஞாபகம் வந்தது. "ஆமா," என்றாள் முத்துமீனா.

"உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"கடையில. அங்க உள்ள சீப்புல."

"அப்ப என்னை எதுக்கு அடிச்ச?"

முத்துமீனா வாயைத் திறந்தாள். தெரியாமல் அடித்தேன் என்று சொல்லலாம். வேலைக்கு நேரமாச்சு, பயமா இருந்துச்சு, தனியா இருக்கேன் என்று என்னென்னவோ சொல்லலாம். எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தோன்றவில்லை. "தப்புத்தான்," என்றாள்.

சரண்யா சீப்பை வாங்கினாள். முதல் இழுப்பே தோல் உரிகிற மாதிரி இருந்தது. இரண்டாவது அதைவிட. வேண்டுமென்றே இழுக்கிறாள் என்று முத்துமீனாவுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்து அந்தப் பிள்ளை சத்தமாக எண்ணியது. நாற்பதைத் தாண்டியதும் இழுப்பில் வேகம் குறைந்தது. அறுபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாள். முடியை நாலாகப் பிரித்து, நுனியிலிருந்து சிக்கெடுத்து, பிறகு வேரிலிருந்து சீவினாள். அம்மா தனக்கு ஒரு நாளும் அப்படி நிதானமாகச் செய்ததில்லை.

மறுநாள் கடையில் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பேசினார். முத்துமீனா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். சேலைப் பிரிவிலிருந்து அடித்தளத்துக்கு, துண்டு, பெட்ஷீட் மூட்டை பிரிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மதியம் பெண்கள் அறைக்குப் போனாள். ஆணியில் தொங்கிய சீப்பை நூலோடு அறுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"சீப்பு எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான்தான் தூக்கிப் போட்டேன். என் தலையில பேன் இருக்கு. எம் பிள்ளைக்கும் ஏத்தி விட்டுட்டேன். நீங்களும் போய் உங்க தலையப் பாருங்க, வீட்டுப் பிள்ளைக தலையையும் பாருங்க."

சோற்றுத் தூக்குகள் மெதுவாக அவளிடமிருந்து நகர்ந்தன. ஒரு வாரம் தனியாகத்தான் சாப்பிட்டாள். பிறகு சோலையம்மாள் என்ற இளம்பெண், கல்யாணம் நிச்சயமானவள், அடித்தளத்துக்கு இறங்கி வந்து மூட்டைகளுக்கு நடுவில் நின்று, "அக்கா, அந்த மருந்து பேர் என்ன?" என்று கேட்டாள். அதற்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். யாரும் இன்னொருத்திக்குத் தெரியாமல்தான் வந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் மொட்டைத் தலையோடு போனவளை உடனே சேர்த்துக்கொண்டார்கள். பையன்கள் நாலு நாள் கேலி செய்தார்கள். அதைப் பற்றி சரண்யா வீட்டில் வாய் திறக்கவில்லை. வகுப்பு டீச்சர்தான் சொன்னார். பூட்டிய வீட்டில் இனி விட முடியாதென்று முத்துமீனா டீச்சரிடமே வெட்கத்தை விட்டுக் கேட்டு, சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ட்யூஷன் எடுக்கிற வீட்டில் பிள்ளையைச் சேர்த்தாள். சுஷ்மா தலையில் மறுபடி வந்துவிட்டதென்று விஜயம் வந்து விசாரித்தாள். மருந்து, நாள் கணக்கு எல்லாம் முத்துமீனா விவரமாகச் சொன்னாள். "சரண்யாவை அனுப்பேன்," என்றாள் விஜயம் போகும்போது. சரண்யா போகமாட்டேன் என்றுவிட்டாள்.

ஒன்றுவிட்டு ஒரு காலை தாயும் மகளும் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் வாரம் மூன்று கிடைத்தது. தீபாவளிக்கு முந்தின நாள் ஒன்று. தீபாவளி கழிந்து எட்டாம் நாள் துணி சுத்தமாக இருந்தது. அதற்கடுத்த தடவையும் அப்படியே இருந்தபோது முத்துமீனாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. உடம்பெல்லாம் ஓய்ந்துபோய், அந்தக் கல்லிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

தங்கப்பாண்டி இரண்டு டின் முறுக்கோடு வந்து இறங்கினான். மகளின் தலையைத் தடவி, "எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டீக?" என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டுச் சிரித்தான். சரண்யா அவன் கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். "சாமிக்கு இல்ல," என்றாள். முத்துமீனா நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள், அடித்ததையும் சேர்த்து. அவன் முறுக்கு டின்னைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

தை பிறந்து முடி இரண்டு விரல் அளவு வளர்ந்தபோது சரண்யா ஒரு நாள் தானாகவே வந்து எதிரில் நின்றாள். "எனக்கு இனிமே பின்னல் வேணாம். இம்புட்டுதான் வச்சுக்குவேன்," என்று காது மடலுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் முத்துமீனா.